காருக்குள் ஈரம்: ஓட்டையா, அடைப்பா?

போன ஐப்பசியில் ஒரு நாள். ஆபீசுக்குப் போகும்போது சாப்பாட்டுப் பையை வழக்கம்போல முன்னால் இடது சீட்டின் காலடியில் வைத்திருந்தேன். இறங்கும்போது எடுத்தால் பையின் அடி சொதசொதவென்று இருக்கிறது. சாம்பார்தான் கொட்டிவிட்டது என்று டப்பாவை எடுத்துப் பார்த்தேன். மூடி போட்டது போட்டபடி இறுக்கமாக இருந்தது. ரப்பர் மேட்டைத் தூக்கி, கீழே இருந்த கார்பெட்டை விரலால் அழுத்தினேன். பஞ்சை அழுத்தியதுபோலத் தண்ணீர் ஊறி மேலே வந்தது. அப்புறம்தான் உறைத்தது: ஒரு வாரமாகவே காலையில் கண்ணாடிகளில் உள்பக்கமாகப் பனி படிந்திருந்தது, வண்டிக்குள் நனைந்த சாக்கு வாடை வீசியது. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு கடைகளில் பணம் கொடுத்தேன். இரண்டும் வீண். கடைசியில் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பும், பத்தாவது படிக்கும் மகனும், அவன் கையிலிருந்த மொபைல் டார்ச்சும்தான். அதற்காக எல்லாரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. சில ஒழுகல்களுக்கு ஹோஸ் பைப்பை எடுப்பதே நேர விரயம். நேராகக் கடைக்குப் போய்விடலாம். எதற்கு எது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். கார் தண்ணீர் புகாத பெட்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது தண்ணீரை உள்ளே வாங்கி, வேறு வழியில் வெளியே விடும்படி செய்யப்பட்டது. கதவுக் கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகள் வழியே வெளியேறிவிடும். முன்கண்ணாடியில் வழியும் தண்ணீர், வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் கிரில்லுக்குள் போய், இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் வழியாகக் கீழே இறங்கும். சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியும் கசியும். அதை ஒரு தட்டு வாங்கி, மூலையில் உள்ள மெல்லிய குழாய்களில் அனுப்பிவிடும். போதாக்குறைக்கு ஏசி வேறு உள்ளேயே தண்ணீரை உண்டாக்கி, ஒரு ரப்பர் குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டவிடுகிறது.

ஆக, உள்ளே ஈரம் என்றால் இரண்டு வகையில் வரலாம். தண்ணீர் வரக்கூடாத இடத்தில் ஓட்டை விழுந்திருக்கலாம். போக வேண்டிய இடத்தில் அடைத்திருக்கலாம். சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும், என் வண்டியில் இருந்ததுபோல. கடைகளில் செய்யும் நவீனப் பரிசோதனைகளில் பல, ஓட்டையைத்தான் காட்டும்; அடைப்பு அவற்றின் கண்ணில் படாது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

எப்போது நனைகிறது?

இந்தக் கேள்விக்குச் செலவே இல்லை. ஆனால் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள். நாமும் சொல்ல மாட்டோம். கார்பெட்டுக்குக் கீழே மடித்த செய்தித்தாளை நாலு இடத்தில் செருகி வையுங்கள். காலையும் மாலையும் எந்தத் தாள் முதலில் நனைகிறது, முந்தின இரவு மழையா, ஏசி ஓடியதா, தேங்கிய தண்ணீரில் போனோமா என்று மொபைலில் ஒரு வரி எழுதி வையுங்கள். நாலைந்து நாள் போதும்.

மழையே இல்லாத நாளில், ஏசி ஓடினால் மட்டும் நனைகிறதா? அப்படியென்றால் கதவு, கண்ணாடி, பீடிங் (கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை) எதையும் தொட வேண்டாம். ஏசியின் கூலிங் காயிலில் காற்றிலுள்ள ஈரம் படிந்து தண்ணீராகச் சொட்டும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் இந்தத் தண்ணீரும் அதிகம். அரை மணி நேரம் ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்கு அடியில் சின்னதாக ஒரு குட்டை தெரிய வேண்டும். தரை காய்ந்து கிடக்க, உள்ளே கார்பெட் நனைந்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். அக்னி நட்சத்திர வெயிலில் கார்பெட் நனைந்து நிற்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். இதற்கு ஏசி மெக்கானிக்கிடம் போவதே சரி. அடியிலிருந்து குழாயைச் சுத்தம் செய்வது சின்ன வேலை. நாமே கம்பியை உள்ளே நெட்டித் தள்ளினால் காயிலில் ஓட்டை விழலாம். அப்புறம் கேஸ் போய் வேறு செலவு.

தண்ணீர் பிசுபிசுப்பாக இருந்து, லேசான இனிப்பு வாடையும் பச்சையோ சிவப்போ நிறமும் இருந்தால் அது மழையும் இல்லை, ஏசியும் இல்லை. ஹீட்டருக்குப் போகும் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். பானட்டைத் திறந்து பாட்டிலில் அளவு குறைகிறதா என்று பாருங்கள். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். இதைத் தள்ளிப்போடவும் கூடாது. கூலன்ட் தீர்ந்தால் என்ஜின் சூடேறிவிடும்.

நிறுத்தியிருக்கும்போது மழையில் நனைகிறது என்றால் தண்ணீர் மேலிருந்து வருகிறது: கிரில், முன்கண்ணாடி, சன்ரூஃப், கூரை ஓரம், கதவு. ஓட்டும்போது மட்டும், அதுவும் தேங்கிய தண்ணீரில் போன பிறகு என்றால் கீழிருந்து: தரைத் தகட்டில் உள்ள ரப்பர் மூடிகள், சக்கர வளைவின் உள்பக்கத்தில் தகடுகள் சேரும் தையல்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கதவு மட்டத்துக்கு நின்ற தண்ணீர் உள்ளே வந்ததே, அது இந்தக் கணக்கில் சேராது. அதற்கு இன்சூரன்சைத்தான் கூப்பிட வேண்டும். அதிலும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. ரப்பர் தேய்ந்து வரும் சாதாரண ஒழுகலோ தேய்மானம். அதற்கு இன்சூரன்சைத் தேடிப் போக வேண்டாம்.

வாட்டர் சர்வீஸ் போட்டால் மட்டும் நனைகிறது, மழையில் நனைவதில்லை என்கிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம். அந்தப் பிரஷரில் கண்ணாடி ஓரத்தில் கிட்டத்தில் பிடித்து அடித்தால் நல்ல பீடிங்கையும் தாண்டி உள்ளே வரும். ஒழுகலைக் கண்டுபிடிக்க வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விடுவது வீண் வேலை என்பதற்கும் இதே காரணம்: இல்லாத ஒழுகலை அது உண்டாக்கிக் காட்டும்.

நான் பணம் விட்ட கதை

முதலில் போனது கார் உதிரிப் பொருள் கடை. கடைக்காரர் இடது கதவைத் திறந்தார், பீடிங்கைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினார். “ரப்பர் செத்துப்போச்சு சார்” என்றார். பத்து வருட வண்டி. செத்துத்தான் போயிருக்கும் என்று நானும் நம்பினேன். புதிது மாட்டிக்கொண்டு வந்தேன். கதவு சாத்தும் சத்தம் புது வண்டி மாதிரி ஆனது. அடுத்த மழையில் அதே இடத்தில் அதே ஈரம்.

இரண்டாவது, பட்டறையில். “கிளாஸ்லேர்ந்துதான் சார் வரும், சிலிக்கான் போட்டா நின்னுடும்” என்றார் அங்கிருந்த பையன். முன்கண்ணாடியைச் சுற்றி வெள்ளையாகப் பசையை இழுத்துவிட்டான். நிற்கவில்லை.

இந்தச் சிலிக்கான் வழி பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஒப்பீட்டில் இதற்குக் கடைசி இடம்கூடக் கொடுக்க மாட்டேன். வேலை நடந்ததுபோலத் தோன்றும். ஒழுகும் இடம் ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் பயனில்லை. தவறான இடத்தில் பூசினால் தண்ணீர் வெளியேறும் வழியே அடைந்துபோகும். பின்னால் கண்ணாடியை முறையாக எடுத்து ஒட்ட வேண்டி வந்தால், அதற்குப் போடும் பாலியூரித்தேன் பசை சிலிக்கான் படிந்த இடத்தில் பிடிக்காது; சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்காத யாரையும் பசைக் குழாயைத் திறக்க விடாதீர்கள்.

ஓட்டையை மட்டும் காட்டும் வழிகள்

வீட்டில் செய்யக்கூடியதில் எளிது நோட்டுச் சோதனை. பழைய பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுத்தவில்லை. கதவைச் சுற்றி அரை அடிக்கு ஒருமுறை பார்த்தால் பத்து நிமிட வேலை. பீடிங் மாற்றுவதற்கு முன் இதைச் செய்திருந்தால் எனக்குப் பணம் மிச்சம். பீடிங்கில் முகப்பவுடர் தடவிச் சாத்தித் திறந்தால் எதிர்ப்பக்கத்தில் கோடு விழும். கோடு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே இடைவெளி. இரண்டும் கதவைப் பற்றி மட்டுமே சொல்லும்.

சோப்பு நுரை வழி கொஞ்சம் வேடிக்கையானது. கண்ணாடி எல்லாம் ஏற்றி, வெளிக்காற்று வரும்படி வைத்து, புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே சந்தேகமான இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். உள்ளே இருக்கும் காற்று எங்கே வெளியேறுகிறதோ அங்கே குமிழி வரும். பஞ்சர் கடைத் தத்துவம்தான். சிக்கல் என்னவென்றால், கதவைச் சாத்தும்போது காற்று போவதற்கென்றே வண்டியின் பின்பக்கம் திறப்புகள் உண்டு. அவற்றை டேப் போட்டு மூடாவிட்டால் உள்ளே அழுத்தமே ஏறாது. புகை விடும் இயந்திரமும் இதே தத்துவம். குமிழிக்குப் பதில் புகை.

அல்ட்ராசோனிக் கருவி இவற்றில் உயர்ந்த சாதி. உள்ளே ஒரு சின்னப் பெட்டி சுமார் 40 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும். மனிதக் காதுக்கு எட்டுவது 20 வரைதான், அதனால் நமக்குக் கேட்காது. வெளியே ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கருவியைக் கண்ணாடி ஓரமாகவும் கதவு ஓரமாகவும் நகர்த்துவார். இடைவெளி உள்ள இடத்தில் சத்தம் கூடும். தண்ணீர் வேண்டாம், உள்ளே எதையும் கழற்ற வேண்டாம், சீக்கிரம் முடியும். முன்கண்ணாடியோ கதவோ சந்தேகம் என்றால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைத்தாலும் சின்னப் பட்டறைகளில் எதிர்பார்க்க முடியாது.

இத்தனையும் சொன்னேன். மரத்தடியில் நிற்கும் வண்டியின் கிரில்லுக்குள் இலை அடைத்திருந்தால், ஏசி குழாயில் பாசி அடைத்திருந்தால், கதவின் அடித்துளையில் மண் அடைத்திருந்தால், இந்த நோட்டு, நுரை, புகை, ஒலி எதுவும் வாய் திறக்காது. “வண்டி நல்லாத்தான் இருக்கு சார்” என்று அனுப்பிவிடுவார்கள். அன்று ராத்திரி மழை பெய்யும்.

ஹோஸ் பைப்

தண்ணீர்ச் சோதனை ஒன்றுதான் ஓட்டையையும் காட்டும், அடைப்பையும் காட்டும். மழைநீர் வரும் வழிகளுக்கு என்னைக் கேட்டால் இதற்கே முதலிடம். ஆனால் அவசரப்பட்டால் இதுவும் பொய் சொல்லும். பெரும்பாலோர் செய்யும் தப்பு, கூரையில் தண்ணீரைக் கொட்டி ஆரம்பிப்பது. கூரையில் விட்ட தண்ணீர் கண்ணாடி, கதவு, கிரில் எல்லாவற்றின் மேலும் வழியும். உள்ளே சொட்டினால் எது காரணம் என்று சொல்லவே முடியாது. கீழிருந்து மேலே போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முதல் பத்து நிமிடம். பைப் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சக் கூடாது. மழை வழிவதுபோலத் தானாக வழிய வேண்டும்.

முன்னேற்பாடு கொஞ்சம் உண்டு. முதலில் உள்ளே உள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பழைய ஈரத்தில் புது ஈரம் தெரியாது. அப்புறம் காலடியின் பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் பேனலையும், கதவுப் படியில் உள்ள பட்டையையும் கழற்றிக் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி விட வேண்டும். கிளிப்பில்தான் மாட்டியிருப்பார்கள், மெதுவாக இழுத்தால் வரும், ஒன்றிரண்டு உடைவதும் உண்டு. மஞ்சள் நிற இணைப்பு உள்ள வயர் கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள், அது ஏர்பேக்குக்குப் போவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகன் இடது சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டான். நான் வெளியே. முதலில் சக்கர வளைவு. ஒன்றும் இல்லை. கதவின் அடிப்பாகம், கதவுக் கண்ணாடி ஓரம். கதவின் அடித்துளைகளை முந்தின நாளே ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்திருந்தேன்; தண்ணீர் ஒழுங்காகக் கீழே ஊற்றியது. உள்ளே ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “என்னடா?” என்று நான் கேட்பதும் “ஒண்ணும் இல்லப்பா” என்று அவன் சொல்வதுமாகப் போனது. முன்கண்ணாடியின் பக்க ஓரம் வந்தபோது அவனுக்கே சலித்துவிட்டது.

அப்புறம் வைப்பருக்குக் கீழே உள்ள கிரில்லில் இடது ஓரமாகத் தண்ணீர் விட்டேன். விடும் தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை. ரொம்ப நேரம் ஊற்றவே இல்லை. தண்ணீர் எங்கேயோ தங்குகிறது என்று எனக்குப் புரிந்த அதே நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம்: “அப்பா, இங்க வயர்ல சொட்டுது!”

எட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டுக்குப் பின்னால், என்ஜின் பக்கத்துத் தகட்டிலிருந்து ஒரு கற்றை வயர் உள்ளே வருகிறது. அதன் மேல் ஒரு மெல்லிய கருப்பு வயர் தனியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த வயரின் மேல் தண்ணீர் ஒரு கோடாக வழுக்கி வந்து, வளைவில் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு துளியாகத் திரண்டு, கனத்து, விழுந்தது. பின்னாலேயே அடுத்த துளி. விழுந்த இடத்துக்கும் கார்பெட் நனைந்திருந்த இடத்துக்கும் நடுவே ஒரு அடி தூரம். எங்கள் தெருவில் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கும். தண்ணீர் அந்தச் சரிவில் ஓடிக் கதவோரம் போய்த் தேங்கியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கதவைக் குற்றம் சொன்னோம்.

அந்தக் கருப்பு வயர், மூன்று வருடம் முன்னால் கூடுதல் ஹாரன் மாட்டியபோது இழுத்தது. வயர்க் கற்றை உள்ளே வரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் குத்திக் கிழித்து, அதன் வழியே நுழைத்துவிட்டிருந்தார்கள். மூன்று வருடம் ஒழுகாமல் இப்போது ஏன்? கிரில்லைக் கழற்றியபோது விடை கிடைத்தது. நான் வண்டி நிறுத்துவது ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். அதன் இலைகள் சின்னச் சின்னதாக உதிரும். கிரில்லின் சல்லடைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். இடது வடிகாலின் வாயில் அவை தூசியோடு சேர்ந்து, காய்ந்த காப்பித் தூள் மாதிரிக் கெட்டியாக அடைத்திருந்தன. வழக்கமாக வடிந்துபோகும் தண்ணீர் தேங்கி, மட்டம் உயர்ந்து, கிழிந்த ரப்பர் வரை வந்திருக்கிறது. கிழிசல் மட்டும் இருந்திருந்தால் ஒழுகியிருக்காது. அடைப்பு மட்டும் இருந்திருந்தாலும் சாதாரண மழைக்கு ஒழுகியிருக்காது.

இரண்டு கைப்பிடி குப்பையை அள்ளிப் போட்டேன். ரப்பர் வளையத்தை மாற்றி, ஹாரன் வயரை உள்ளே நுழைவதற்கு முன்னால் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு கொடுத்துக் கட்டினார் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். தண்ணீர் வந்தாலும் வளைவின் அடியில் வெளியிலேயே சொட்டிவிடும்.

ஹோஸ் பைப்பை எடுக்காமல் நேராகப் போக வேண்டிய இடங்கள்

ஏசி, கூலன்ட் இரண்டையும் சொல்லிவிட்டேன். சமீபத்தில் முன்கண்ணாடி மாற்றியிருந்தால், அதற்குப் பிறகுதான் ஒழுகல் ஆரம்பித்தது என்றால், நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. பில்லை எடுத்துக்கொண்டு மாற்றிய கடைக்கே போங்கள். மேலே பசை பூசி அனுப்பப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடியை எடுத்து மறுபடி ஒட்டித்தர வேண்டும். கதவு ஸ்பீக்கர் மாற்றிய பிறகோ பவர் விண்டோ வேலை நடந்த பிறகோ ஆரம்பித்ததா? கதவுப் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்திருப்பார்கள், இல்லை சரியாக ஒட்டாமல் விட்டிருப்பார்கள். கதவுக்குள் இறங்கும் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். அதை வீணென்று தூக்கிப் போடும் கடைகளும் உண்டு.

சன்ரூஃப் உள்ள வண்டியில் கூரைத் துணி நனைந்தாலோ, முன்கண்ணாடியின் பக்கத்தில் உள்ள தூண் ஓரமாக வழிந்தாலோ, குழாய் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கண்ணாடியைத் திறந்து தட்டின் மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக விடுங்கள். வண்டிக்கு அடியில் வந்து சொட்ட வேண்டும். வராவிட்டால் சர்வீஸ் சென்டர். கம்ப்ரஸர் காற்றை அடித்துவிட்டால் குழாய் நடுவில் கழன்றுகொள்ளலாம். அப்புறம் கூரைத் துணியையே இறக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் தெரு மெக்கானிக்கை நம்ப மாட்டேன்.

டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நின்றால் பின்விளக்குகளைச் சுற்றியுள்ள ரப்பர், டிக்கிக் கதவின் பீடிங், முன்பு அடிபட்டு டின்கர் வேலை பார்த்த தையல், இந்த வரிசையில் பாருங்கள். ஒருவர் டார்ச்சோடு டிக்கிக்குள் படுத்துக்கொள்ளலாம். உள்ளிருந்து திறக்க வழியில்லாத வண்டியில் சின்னப் பிள்ளைகளை மட்டும் விடாதீர்கள். பின்சீட்டை மடக்கிவிட்டுச் செய்வது நல்லது.

சரி, எதுவும் பொருந்தவில்லை, வீட்டில் தண்ணீர் விட்டுப் பார்க்கவும் இடமில்லை. சர்வீஸ் சென்டரா, தெரு மெக்கானிக்கா? வாரண்டி இருந்தால் பேச்சே இல்லை, சர்வீஸ் சென்டர்தான். நாமே பேனலைக் கழற்றிக்கூட வைக்கக் கூடாது. வாரண்டி முடிந்த வண்டி என்றால் எனக்கு மெக்கானிக் பக்கம்தான் சாய்வு. சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும்; யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒழுகல் வேலைக்குத் தேவை பொறுமை. மணிக்கணக்கில் கூலி போடும் இடத்தில் அது செலவு. மெக்கானிக் பக்கத்தில் நாம் நிற்கலாம், டார்ச் பிடிக்கலாம், நாலு நாள் எழுதிய குறிப்பைக் காட்டலாம். ஆனால் போனவுடன் ஒன்று சொல்லிவிடுங்கள்: “அண்ணே, மொதல்ல எங்கேர்ந்து வருதுன்னு எனக்குக் காட்டுங்க. அதுக்குத் தனியா கூலி தர்றேன். அப்புறம் ரிப்பேரைப் பேசலாம்.” தேடுவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால்தான் அவர்களும் தேடாமல், கையில் இருக்கும் பீடிங்கையும் பசையையும் விற்கிறார்கள்.

காய வைப்பது

ஒழுகல் நின்றாலும் ஈரம் போகாது. கார்பெட்டின் மேல்பக்கம் ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். அதன் அடியில் கைக்கட்டைவிரல் கனத்துக்கு ஒட்டியிருக்கும் பஞ்சு, வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பல வண்டிகளில் முக்கியமான வயர் இணைப்புகள் அந்தப் பஞ்சுக்குப் பக்கத்திலேயே போகின்றன. அந்த இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்துவிட்டால் அப்புறம் விளக்கு தானாக எரியும், லாக் தானாக விழும், எதனால் என்று யாருக்கும் தெரியாது. வாசனை டப்பா வாங்கி வைப்பது காசைக் கரியாக்குவது. கார் சுத்தம் செய்யும் கடையில் ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் போடச் சொன்னால் பெரும்பகுதி தண்ணீர் வந்துவிடும். பாக்கிக்கு, கார்பெட்டைத் தூக்கி நடுவில் ஒரு செங்கலைக் கொடுத்து, டேபிள் ஃபேனை வைத்து இரண்டு நாள் விட்டேன். மழைக்காலத்து வெயிலை நம்பியிருந்தால் தை பிறந்திருக்கும்.

பேனலை உடனே மாட்டவில்லை. காலடியில் புது செய்தித்தாளை விரித்துவைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தேன். மழையை எதிர்பார்த்தால் வருமா? நாலு நாள் வெயில். ஐந்தாம் நாள் இரவு விடிய விடியப் பெய்தது. காலையில் செருப்புகூடப் போடாமல் போய்க் கதவைத் திறந்தேன். தாள் மொறமொறவென்று இருந்தது. மகனை எழுப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். பேனலை மாட்ட உட்கார்ந்தால், கழற்றி வைத்த ஆறு கிளிப்பில் நாலுதான் இருக்கிறது.